கேசரிப் பவுடரும் சாயக்கடையும்

மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமிதான் திருமலை நாயக்கரின் தீராத வயிற்று வலியைத் தீர்த்துவைத்தார் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் சொல்வார்கள். வயிற்றைக் காக்கும் சாமி குடியிருக்கும் இதே ஊரில், ஆடிப்பூரத் தேர் நாளில் வரிசை கட்டி நிற்கும் மிட்டாய்க் கடைகளைத் தட்டுத் தட்டாகப் பார்த்துக்கொண்டே போனால் கண்ணை இழுப்பது ஒரே நிறம்தான். தேன் மிட்டாய், ஜவ்வு மிட்டாய், பஞ்சு மிட்டாய் எல்லாமே சிவப்பு, இல்லாவிட்டால் ரோஸ். இந்த ஊரின் பால்கோவா இதற்கு நேர் எதிர். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பண்டத்தின் இளம்பழுப்பு, பாலும் சீனியும் அடுப்பில் சுண்டச் சுண்டத் தானாக ஏறுவது. சிவப்பு மிட்டாயின் நிறமோ கடையில் வாங்கிப் போடுவது. எந்தக் கடையில், எந்தப் பெயரில், எப்படிப்பட்ட பொட்டலத்தில் வாங்குவது என்பதைத்தான் இங்கே தொடர்ந்து போகப் பார்க்கிறேன். உணவுச் சிவப்பைப் பற்றி நூறாண்டுக்கு மேலாக உலகம் கேட்டுவந்த கேள்வி, இந்தப் பொருள் நல்லதா கெட்டதா என்பது. அதற்கு நாட்டுக்கு நாடு, பத்தாண்டுக்குப் பத்தாண்டு பதில் மாறியிருக்கிறது. நம் ஊரில் இன்னும் சரியாகக் கேட்கப்படாத கேள்வி வேறு: மிட்டாய்க்காரர் கையில் இந்தப் பொடியைக் கொடுத்தவர் யார்?

தமிழ்நாட்டுக்குச் சிவப்பு புதிதல்ல. துணிக்குச் சாயவேர் இருந்தது, காலுக்குச் செம்பஞ்சுக் குழம்பு இருந்தது, அரக்கும் செந்தூரமும் இருந்தன. மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் வரும் ஆரத்திச் சிவப்பு எல்லா வீட்டிலும் உண்டு. அதைக் கரைத்து வாசலில் கொட்டுவோமே தவிர யாரும் குடிப்பதில்லை. சமையலறைக்குள் வந்த சிவப்பு பெரும்பாலும் மிளகாய் வத்தலோடு நின்றது. வில்லியம் பெர்கின் என்ற 18 வயது இளைஞர் 1856-ல் கரித்தாரிலிருந்து ஊதாச் சாயம் எடுத்த பிறகுதான் கதை திசை மாறியது. 1869-ல் மஞ்சிட்டி வேரின் சிவப்பான அலிசரினை ஆய்வுக்கூடத்திலேயே செய்ய வழி கண்டார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மதுரைச் சாயக்காரர்கள் ஜெர்மன் அலிசரினுக்கு மாறிவிட்டார்கள். சாயவேர் தோண்டுகிறவர்களுக்கு வேலை போயிற்று. இந்தியச் சந்தைக்காகவே சாமி படம் அச்சிட்ட லேபிள் ஒட்டி, சிறுசிறு டப்பாக்களில் அந்தச் சாயங்கள் வந்தன. செயற்கை நிறம் நம் ஊர்களுக்குள் துணிக்காகச் சாயக்கடை வழியாகத்தான் நுழைந்தது என்பதை இங்கே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து அது மளிகைக் கடைக்குத் தாவியபோது பெயரையும் மாற்றிக்கொண்டது. கேசரி என்றால் குங்குமப்பூ. குங்குமப்பூவின் நிறத்துக்காகப் பெயர் பெற்ற இனிப்பும் கேசரி. அந்த நிறத்தைத் தருவதாகச் சொல்லிக் கரித்தார்ச் சாயம் ‘கேசரிப் பவுடர்’ ஆயிற்று. குங்குமப்பூவின் பெயரை இவ்வளவு மலிவாக வேறு எதற்கும் யாரும் விற்றதில்லை.

பொட்டலத்தைத் திறந்து உள்ளே பார்ப்போம். அடோல்ஃப் ஃபான் பாயர் 1871-ல் ஃபுளோரசீன் என்ற பொருளைச் செய்தார். தாலிக் அன்ஹைட்ரைடையும் ரெசார்சினாலையும் சேர்த்துச் சூடாக்கினால் கிடைப்பது அது. அதனோடு நான்கு அயோடின் அணுக்களை ஏற்றினால் எரித்ரோசின் என்ற செர்ரிச் சிவப்பு, 1876-ல் வந்தது. அதே தாலிக் அன்ஹைட்ரைடோடு ரெசார்சினாலுக்குப் பதிலாக வேறொரு அமினோ பொருளைச் சேர்த்தால் ரோடமின்-பி, 1887-ல் வந்தது. ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று தாராளமாகச் சொல்லலாம். கூட்டின் நடு அமைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டால் இரண்டும் ரோஸாகத்தான் பரவும், திருவிழா வெளிச்சத்தில் எது எது என்று எந்த அம்மாவாலும் சொல்ல முடியாது. ஆனால் இந்தியச் சட்டம் எரித்ரோசினை மிட்டாயில் போடலாம் என்கிறது, ரோடமினைத் துணி, காகிதம், தீப்பெட்டி, அகர்பத்தி ஆகியவற்றோடு நிறுத்தச் சொல்கிறது. செயற்கை நிறம் அனைத்தும் விஷம் என்பவர்களுக்கும், அனுமதிக்கப்பட்ட நிறம் என்றாலே கவலை இல்லை என்பவர்களுக்கும் இந்த இரண்டு உடன்பிறப்புகள் சேர்ந்தே பதில் சொல்கின்றன. நல்லதையும் கெட்டதையும் பிரிக்கும் கோடு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இல்லை. அது ஒரு பட்டியலிலும், அந்தப் பட்டியலைப் பொட்டலத்தோடு இணைக்கும் முத்திரையிலும் மட்டுமே இருக்கிறது.

அப்படியொரு பட்டியலை முதலில் ஒழுங்காகப் போட்டது அமெரிக்கா. 1906-ல் தூய உணவுச் சட்டம் வந்தபோது அங்கே சந்தையில் ஏறத்தாழ 80 சாயங்கள் உணவில் புழங்கின. பெர்னார்ட் ஹெஸ்ஸே என்ற வேதியியலாளர் அவற்றை ஒவ்வொன்றாகச் சலித்து ஏழை மட்டும் நிறுத்தினார். அந்த ஏழில் சிவப்பு மூன்று: அமராந்த், பொன்சோ 3ஆர், எரித்ரோசின். பட்டியலைவிட முக்கியமான ஏற்பாடு இன்னொன்று. தயாராகும் ஒவ்வொரு சுற்றுச் சாயத்தையும் சோதித்துச் சான்று கொடுக்கும் முறையையும் கூடவே வைத்தார்கள். 1938-ல் அது கட்டாயமாயிற்று. பட்டியலில் இருந்தவை பிற்பாடு ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. 1950-ல் ஹாலோவீன் மிட்டாய் தின்ற குழந்தைகளுக்கு ஆரஞ்சு 1 என்ற சாயத்தால் வயிறு கெட்டது. அந்தச் சூட்டில் பிறந்த விவாதங்களின் விளைவாக, விலங்குகளுக்குப் புற்றுநோய் தரும் எந்த நிறத்தையும் உணவில் சேர்க்கவே கூடாது என்ற டெலானி விதி 1960-ல் நிறங்களுக்கும் வந்தது. அளவு, விகிதம், மனித உடல் என்று எதையும் பார்க்காத, வளையாத விதி அது. பொன்சோ 3ஆர் போயிற்று. அமராந்த் சோவியத் ஆய்வுகளால் சந்தேகத்துக்குள்ளாகி 1976-ல் போயிற்று. அப்போது அமராந்தே இல்லாத ஒரு மிட்டாய் நிறுவனம்கூடப் பயத்தில் தன் சிவப்பு மிட்டாய்களை 11 ஆண்டுகள் நிறுத்தி வைத்தது. அதே அமராந்தைக் கனடா தொடர்ந்து அனுமதித்தது. ஒரே சாயம், ஒரே எலிகள், எல்லைக் கோட்டின் இரு பக்கமும் இரண்டு தீர்ப்பு.

எரித்ரோசினின் முறை கடைசியாக வந்தது. ஆண் எலிகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது தைராய்டில் கட்டி வந்ததைக் காட்டி 1990-ல் அழகுசாதனப் பொருள்களில் அதைத் தடுத்தார்கள். உதட்டில் பூசக் கூடாது, மிட்டாயில் தின்னலாம் என்ற இந்த விநோதம் 35 ஆண்டுகள் நீடித்தது. 2025 ஜனவரி 15 அன்றுதான் உணவிலிருந்தும் அனுமதி விலக்கப்பட்டது. உற்பத்தியாளர்களுக்கு 2027 ஜனவரி வரை அவகாசம். அந்த அறிவிப்பிலேயே அமெரிக்க அதிகாரிகள் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்கள்: எலிக்குக் கட்டி வரும் அந்த வழி மனிதனுக்குப் பொருந்தாது, ஆனாலும் டெலானி விதிக்கு முன் வேறு வழி இல்லை. செய்தியைப் படித்ததும், அமெரிக்காவே தடுத்ததை நம் அரசு இன்னும் விட்டு வைத்திருக்கிறதே என்று இங்கே குரல்கள் எழுந்தன. அந்த ஆதங்கம் புரிகிறது. ஆனால் நாம் அனுமதிக்கும் பொன்சோ 4ஆர், கார்மோய்சின் என்ற இரண்டு சிவப்புகளையும் அமெரிக்கா உணவில் அனுமதித்ததே இல்லை, ஐரோப்பா அனுமதிக்கிறது. ஐரோப்பா எரித்ரோசினைப் பதப்படுத்திய செர்ரிகளோடு சுருக்கிவிட்டது. பொன்சோ, கார்மோய்சின் உள்ளிட்ட ஆறு நிறங்கள் சேர்ந்த பொருள்களில், குழந்தைகளின் துடிப்பையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கை வாசகத்தை 2010 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. அடுத்த வீட்டுக்காரரின் பட்டியலைப் பார்த்து நம் பட்டியலைத் திருத்திக்கொண்டே போனால், எல்லார் தடையையும் கூட்டிப் போட வேண்டியதுதான். நம் பட்டியலில் எங்கே ஓட்டை என்று பார்ப்பதே அதைவிடப் பயன் தரும்.

நம் பட்டியலின் கதை சென்னை மாகாணத்தின் 1918-ஆம் ஆண்டுக் கலப்படத் தடுப்புச் சட்டத்தில் தொடங்குகிறது. அந்தச் சட்டத்தின் கவலை பெரும்பாலும் பால், நெய், எண்ணெய் பற்றியது. நிறத்துக்கு முறையான பட்டியல் வந்தது 1954-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் 1955 விதிகளும் வந்த பின்புதான். அமராந்த், ஃபாஸ்ட் ரெட்-இ போன்றவை அப்போது உள்ளே இருந்து பின்னர் வெளியேறின. கடைசியில் எட்டு நின்றன. அவற்றில் சிவப்பு மூன்று, பொன்சோ 4ஆர், கார்மோய்சின், எரித்ரோசின். 2006-ல் புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 2011-ல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோதும் எட்டு எட்டாகவே இருந்தது. பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி, இந்த எட்டையும் எல்லாவற்றிலும் போட்டுவிட முடியாது என்பது. மிட்டாய், ஐஸ்கிரீம், பிஸ்கட், ஜெல்லி, பழரசம் என்று பண்டங்களும் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. பஜ்ஜிக்கோ பிரியாணிக்கோ சிக்கன் 65-க்கோ இடமில்லை. சாலையோரத் தள்ளுவண்டியில் எரியும் தணலாகக் குவிந்திருக்கும் சிக்கன் 65, அனுமதிக்கப்பட்ட நிறத்தாலேயே சிவந்திருந்தாலும் சட்டப்படி குற்றம்தான். 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் நிறம் சேர்ப்பதைத் தடுத்ததற்குக் காரணம் இதுவே. சோதித்த 171 மாதிரிகளில் 107 தேறவில்லை. அவற்றில் கண்டவற்றில் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ போன்ற பட்டியலுக்குள் இருக்கும் நிறங்களும் உண்டு.

பட்டியலின் பெரிய ஓட்டை அளவில் இருந்தது. நெடுங்காலமாக நம் விதி எட்டு நிறங்களுக்கும் பொதுவாக வைத்திருந்த உச்சவரம்பு, ஒரு கிலோ பண்டத்துக்கு 100 மில்லிகிராம். எல்லாருக்கும் ஒரே அளவுச் சட்டை தைத்துக் கொடுப்பதைப் போன்ற ஏற்பாடு. உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, எரித்ரோசினில் ஒருவர் வாழ்நாள் முழுதும் நாள்தோறும் உண்ணத்தக்க அளவாகச் சொன்னது உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். கார்மோய்சினுக்கு அதே கணக்கு 4 மில்லிகிராம், நாற்பது மடங்கு. இப்போது 15 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையைத் திருவிழாவுக்குக் கூட்டிப் போவோம். எரித்ரோசினில் அதன் அன்றைய பங்கு 1.5 மில்லிகிராம். உச்சவரம்பு அளவுக்கு நிறம் போட்ட மிட்டாயில் அந்த 1.5 மில்லிகிராம் 15 கிராமுக்குள் இருக்கும். இரண்டு மூன்று தேன் மிட்டாயில் கணக்கு முடிந்தது. கார்மோய்சின் என்றால் அதே குழந்தை 600 கிராம் தின்ன வேண்டும். அதற்குள் வேறு காரணத்தால் வயிறு கெட்டிருக்கும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், சில குழந்தைகள் எரித்ரோசின், டார்ட்ரசின், சன்செட் யெல்லோ ஆகியவற்றை ஏற்கத்தக்க அளவுக்கு மேல் உட்கொண்டதாகக் கண்டார்கள். அவர்கள் தின்றது பட்டியலுக்குள் இருந்த நிறங்களைத்தான். இதைச் சரி செய்ய எரித்ரோசினைத் தடுக்கத்தான் வேண்டும் என்பதில்லை, அதற்கென்று தனியாக இறுக்கமான வரம்பு வைத்தாலே போதும். ஒரு நாளில் அளவு தாண்டினால் உடனே ஆபத்து என்றும் பொருளில்லை; அந்த எண்ணே பாதுகாப்பு இடைவெளி விட்டுப் போடப்படுவது. ஆனாலும் சட்டம் வகுத்த வரம்புக்குள் நின்றும் அறிவியல் வகுத்த வரம்பைத் தாண்ட முடிகிறது என்றால், பிழை மிட்டாய்க்காரருடையதாக இருக்க முடியாது.

2024 பிப்ரவரியில் இந்த விவாதம் ஆய்வுக்கூடங்களிலிருந்து தெருவுக்கு வந்தது. புதுச்சேரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி கண்டுபிடிக்கப்பட்டு விற்பனை நிறுத்தப்பட்டது. சில நாட்களில் சென்னையில் எடுத்த மாதிரிகளிலும் கிண்டி அரசு ஆய்வகம் அதையே கண்டது. பிப்ரவரி 17 அன்று தமிழ்நாடு அரசும் தடையை அறிவித்தது. திருமணம் முதலிய பொது நிகழ்ச்சிகளில் ரோடமின்-பி சேர்ந்த உணவைப் பரிமாறுவதும் குற்றம் என்று சொன்னார்கள். பஞ்சு மிட்டாய் இயந்திரம் 1897-ல் அமெரிக்காவில் ஒரு மிட்டாய்க்காரரும், நம்பச் சற்றுக் கடினமாக, ஒரு பல் மருத்துவரும் சேர்ந்து செய்தது. அதன் வேலை எளிது. அகன்ற அலுமினியத் தொட்டியின் நடுவில் சூடான குமிழ் ஒன்று சுழலும். அதில் ஒரு கரண்டி சீனியைப் போட்டால் உருகி, சல்லடைத் துளைகள் வழியே வீசி எறியப்பட்டு, காற்றுப் பட்டதும் நூலாக இறுகும். நிறம் அந்தச் சீனியில் முன்கூட்டியே கலந்திருக்கும். ஒரு கிலோ சீனிக்குச் சுண்டுவிரல் நகத்தில் எடுக்கும் அளவு ரோடமின் போதும். ரோடமினைத் தேர்ந்தெடுப்பதற்கு விலை மட்டும் காரணமில்லை. எரித்ரோசின் வெயிலில் வெளுத்துவிடும். ரோடமின் தன்மேல் விழும் ஒளியை வாங்கி ஆரஞ்சு கலந்த சிவப்பாகத் திருப்பி உமிழும். கடற்கரையில் தொலைவிலிருந்தே குழந்தையின் கண்ணைப் பிடிக்கும் அந்தத் தகதகப்பு, அனுமதிக்கப்பட்ட எந்தப் பொடிக்கும் அவ்வளவாக வராது.

அந்த மாதத்துச் செய்திகள் ரோடமினைப் ‘புற்றுநோய் தரும் ரசாயனம்’ என்று அடித்துக் கூறின. இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ரோடமின்-பியை வைத்திருப்பது மூன்றாம் பிரிவில். மனிதருக்குப் புற்றுநோய் தருமா என்று வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லாதவற்றின் வரிசை அது. அப்படியானால் தடை தப்பா என்று கேட்கலாம். இல்லை. ரோடமினைத் தடுக்கும் நியாயம் புற்றுநோயில் தொடங்கவில்லை. அதற்கு உண்ணத்தக்க அளவு என்று எவரும் எதையும் வரையறுக்கவில்லை. உணவுக்கான தூய்மைத் தரமும் அதற்குக் கிடையாது. துணிக்குச் செய்த சாயத்தில் ஈயமும் ஆர்செனிக்கும் வேறு கழிவு வேதிப்பொருள்களும் எவ்வளவு தங்கியிருக்கின்றன என்று அதைச் செய்த ஆலை கவலைப்படத் தேவையில்லை, வேட்டி புகார் செய்யாது. உணவு நிறத்தைச் செய்யும் ஆலையோ ஒவ்வொன்றுக்கும் வரம்பு காட்ட வேண்டும். நெடுங்காலம் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் அதை விற்கவே முடியாது என்ற விதியும் இருந்தது. மளிகைக் கடையில் விற்கும் கேசரிப் பவுடர் உப்போ டெக்ஸ்ட்ரோஸோ கலந்து நீர்க்கச் செய்தது என்பதும் ஒரு காப்பு. கை தவறி அரைக் கரண்டி கூடப் போனாலும் பொருள் பெரிதாகக் கூடாது. சாயப் பொடியில் அந்த இடைவெளியே இல்லை.

இயற்கை நிறத்துக்குத் திரும்பினால் தீராதா என்பது அடுத்து வரும் கேள்வி. பீட்ரூட்டும் செம்பருத்தியும் சமையலறையில் நல்லவைதான். ஆனால் பீட்ரூட்டின் சிவப்பு சூட்டில் பழுப்பாகும், செம்பருத்தியின் சிவப்பு புளிப்பு குறைந்தால் நீலமாகும். பஞ்சு மிட்டாய் இயந்திரத்தின் சூட்டில் இரண்டும் நிற்பது சந்தேகம். பூச்சியிலிருந்து எடுக்கும் கொச்சினல் நிற்கும். சிலருக்கு ஒவ்வாமை தரும், விலையும் கையைக் கடிக்கும். இயற்கை என்ற சொல்லே காப்பு என்று நம்புகிறவர்கள், செயற்கைச் சாயம் பிறப்பதற்கு முன் ஐரோப்பாவில் சீஸுக்குச் செந்நிறம் கொடுக்க ஈயச் செந்தூரம் சேர்த்ததையும், 1820-ல் அதை வேதியியலாளர் ஃபிரெடரிக் அக்கும் புத்தகம் எழுதி அம்பலப்படுத்தியதையும் நினைத்துக்கொள்ளலாம். அதுவும் மண்ணிலிருந்து வந்த உலோகம்தான். இதற்கு மேல் இந்த வாதத்தில் நேரம் செலவிட எனக்கு விருப்பமில்லை. நிறத்தின் பிறப்பிடத்தை விசாரிப்பது, குற்றவாளியின் சொந்த ஊரை வைத்துத் தீர்ப்பு எழுதுவதற்குச் சமம்.

விசாரிக்க வேண்டியது பொடி கைமாறும் வழியை; அதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1858 அக்டோபரில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் மிட்டாய் தின்று ஏறத்தாழ 20 பேர் இறந்தார்கள், 200 பேருக்கு நோய் கண்டது. சீனிக்குப் பதிலாகக் கலக்கும் வெள்ளைப் பொடி வாங்க மிட்டாய்க்காரர் தரப்பில் மருந்துக் கடைக்கு ஆள் போயிற்று. கடையில் இருந்த உதவியாளர், பெயர் சரியாக எழுதாத பீப்பாயிலிருந்து ஆர்செனிக்கை அள்ளிக் கட்டிக் கொடுத்துவிட்டார். மிட்டாய்க்காரர் அதை அறியாமல் காய்ச்சினார், தெருக்கடைக்காரர் அதை அறியாமல் விற்றார். அந்தச் சாவுகளுக்குப் பிறகு வந்த 1868-ஆம் ஆண்டு மருந்தகச் சட்டம் கைவைத்தது மிட்டாய்த் தட்டில் அல்ல, மருந்துக் கடையின் அலமாரியில். நஞ்சை யார் விற்கலாம், பாக்கெட்டின் மேல் என்ன எழுத வேண்டும், வாங்கியவர் பெயரை எந்தப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்று வகுத்தார்கள். நம் 2024 தடை கைவைத்ததோ தெருக்கடையில். மாதிரி எடுத்தார்கள், பஞ்சு மிட்டாய் மூட்டைகளை அழித்தார்கள். மூங்கில் கம்பில் கட்டிக்கொண்டு கடற்கரையில் நடந்து விற்றவர்களில் பலர் வேலை தேடி வடக்கிலிருந்து வந்த இளைஞர்கள். தங்கள் சீனியில் கலந்த பொடியின் பெயரே தெரியாத இவர்கள்தான் சாயப் பொடி கைமாறும் சங்கிலியின் கடைசிக் கண்ணி.

சட்டம் அப்படித்தானே வேலை செய்யும், விற்றவரைப் பிடித்தால்தானே அவருக்குக் கொடுத்தவரைக் கண்டுபிடிக்க முடியும் என்று கேட்பார்கள். ஆனால் சட்டப்படி ஒரு மாதிரியைச் சோதித்து அறிக்கை தர ஆய்வாளருக்கு 14 நாள். பஞ்சு மிட்டாயின் ஆயுள் ஒரு மாலைப்பொழுது. திருவிழாவின் ஆயுள் பத்து நாள். அறிக்கை வரும்போது வண்டி அடுத்த ஊர்த் திருவிழாவில் நிற்கும். மேலே ஏறிப் பிடிக்க முடியும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 2003-ல் ஐரோப்பாவுக்குப் போன இந்திய மிளகாய்ப் பொடியில் சூடான்-1 என்ற சாயம் அகப்பட்டது, அதுவும் தொழிற்சாலைச் சிவப்புதான். 2005 பிப்ரவரியில் பிரிட்டனில் ஒரு சாஸில் போன பழைய மிளகாய்ப் பொடி, அந்த சாஸைச் சேர்த்த நானூறுக்கும் மேற்பட்ட உணவுப் பொருள்களைக் கடை அலமாரியிலிருந்து இறக்கியது. சாஸிலிருந்து பொடிக்கு, பொடியிலிருந்து ஏற்றுமதிக்கு என்று அவர்களால் திரும்பி நடக்க முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் காகிதம் இருந்தது. நம் நறுமணப் பொருள் வாரியம் 2003-லேயே ஏற்றுமதியாகும் மிளகாய்க்குச் சோதனையைக் கட்டாயமாக்கியது. விருதுநகர் வத்தல் மண்டிக்காரர்களுக்குச் சூடான் என்ற பெயர் அப்போதிலிருந்து பழக்கம். கப்பலேறும் வத்தலுக்குக் கிடைத்த காவல், உள்ளூர்த் தேருக்கு வரும் மிட்டாய்க்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பது நியாயம்தான்.

சாயத்தையே தடுத்துவிடலாமே என்பவர்கள் இந்த விருதுநகர் மாவட்டத்தின் வரைபடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவகாசி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். 1923 வாக்கில் கல்கத்தாவிலிருந்து தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கி வைத்த தீப்பெட்டி, அதன் பின் வந்த பட்டாசு, அச்சு எல்லாமே நிறத்தால் பிழைக்கும் தொழில்கள். அச்சு மையின் ரோஸ் நிறமிகளில் ரோடமின் குடும்பத்தவை உண்டு. இந்தப் பக்கம் ராஜபாளையத்தில் நூற்பாலைகள். இங்கே சாயம் வேண்டாம் என்று சொல்ல யாராலும் முடியாது, சொல்லவும் கூடாது. ஆலைக்கு மூட்டையில் போகும் சாயம் பிரச்சினையில்லை. ஐம்பது கிராம், நூறு கிராம் என்று பிளாஸ்டிக் உறையில் கட்டி, மேலே எதுவும் எழுதாமல் சில்லறைக்கு விற்கும் ‘ரோஸ் கலர்’தான் மிட்டாய் வரை வருகிறது. தொழிலுக்குத் தேவையான ஆபத்துப் பொருளைச் சில்லறையில் எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதற்கு நம்மிடமே முன்னுதாரணம் உண்டு. ஆசிட் வீச்சுக்கு ஆளான லட்சுமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் உத்தரவிட்ட பிறகு, கடையில் ஆசிட் விற்கிறவர் வாங்குபவரின் அடையாளத்தையும் காரணத்தையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும். அது எல்லா ஊரிலும் ஒழுங்காக நடக்கிறதென்று யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள். ஆனால் ஒரு குற்றம் நடந்தால் எந்தக் கடையின் பதிவேட்டைக் கேட்பது என்று தெரிகிறது. சாயப் பொடிக்குப் பதிவேடுகூட வேண்டாம். சில்லறை உறையின் மேல் சாயத்தின் பெயரும், உணவுக்கல்ல என்ற தமிழ் வாசகமும், கட்டியவர் முகவரியும் இல்லாமல் விற்கக் கூடாது என்பதே பாதி வேலையைச் செய்யும்.

படிக்கத் தெரியாத, அல்லது தமிழ் தெரியாத மிட்டாய்க்காரருக்கு வாசகம் எதற்கு என்று ஒரு கேள்வி எஞ்சும். வாசகம் அவருக்கு மட்டும் எழுதப்படுவதில்லை. தேர்க்கடையில் சோதனைக்கு வரும் அலுவலர் முதலில் கேட்க வேண்டியது நிறப் பொடியின் உறையைத்தான். பஞ்சை எண்ணெயில் நனைத்துக் கேழ்வரகிலும் சர்க்கரைவள்ளிக்கிழங்கிலும் தேய்த்து, சிவப்பு ஒட்டுகிறதா என்று பார்க்கும் எளிய சோதனையை உணவுப் பாதுகாப்பு ஆணையமே வீடுகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. மிட்டாயில் அது உதவாது, நல்ல சிவப்பும் கெட்ட சிவப்பும் பஞ்சில் ஒரே மாதிரிதான் ஒட்டும். உறை அப்படிக் குழப்பாது. கேசரிப் பவுடர் உறையில் பொன்சோவுக்கு 124, கார்மோய்சினுக்கு 122, எரித்ரோசினுக்கு 127 என்று ஓர் எண் இருக்கும், உரிம எண்ணும் இருக்கும். ரோஸ் கலர் உறையில் எதுவும் இருக்காது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கக் கிண்டிக்கு மாதிரி அனுப்பவும் வேண்டாம், 14 நாள் காத்திருக்கவும் வேண்டாம்.